மடியில் வைத்து எடுத்த ஸ்கேன்

பிறந்து ஒரு வாரமே ஆன பெண் குழந்தை அது. ஸ்கேன் அறைக் கட்டிலில் படுக்க வைத்த உடனே வீரிட்டு அழுதது. பக்கத்தில் நின்ற தாய்க்குக் கை நடுங்கி, போர்வை நழுவிக் கீழே விழுந்தது. அவள் தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். ஓடுகிற ஊசிக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க விரல் வைத்துப் பழகியவள். அந்தக் கைதான் அன்றைக்கு ஒரு துணியைப் பிடிக்க முடியாமல் ஆடியது.

ஸ்கேன் எடுக்கிற அம்மாவை அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஸ்கேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்தினார். தன்னுடைய நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதுல உக்காரும்மா. பாப்பாவ மடியில வச்சுக்க."

"கட்டில்லதான் படுக்க வைக்கணும்னு சுவத்துல ஒட்டியிருக்கே, அக்கா?"

"ஒட்டினவங்க சாப்பிடப் போயிருக்காங்க. நீ உக்காரு."

ஜெல் டப்பாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மாவு உருட்டுகிற மாதிரி உருட்டிச் சூடாக்கினார். பிறகு தரையில் முட்டி போட்டு, ஒரு கையால் குழந்தையின் வயிற்றில் புரோப் என்கிற ஸ்கேன் கருவியை வைத்து, கழுத்தைத் திருகித் திருகி மேலே திரையைப் பார்த்தார். தாயின் மடிச்சூட்டில் குழந்தை அடங்கிவிட்டது. அழுகிற குழந்தையின் வயிறு காற்றடைத்த பந்து மாதிரி ஆகிவிடும். உள்ளே ஒன்றும் தெரியாது. அன்றைக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முடித்து எழுந்தபோது அக்காவின் முட்டி கடகடவென்று சொடுக்கியது. "எண்ணெய் போடாத கதவு," என்று சிரித்துக்கொண்டார். அவ்வளவுதான். இதை அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு எப்போதுமே உட்காரத் தெரியாது. அந்த அறையில் நாற்காலி என்று ஒன்று இருந்தது அவருடைய கைப்பையை வைக்கத்தான். ஒரு குழந்தை போய் அடுத்த குழந்தை வருவதற்குள் கட்டிலைத் துடைப்பார், திரைச்சீலையை இழுத்து விடுவார், வாசலை எட்டிப் பார்ப்பார், மறுபடியும் அதே கட்டிலைத் துடைப்பார். கால்களுக்கு அடியில் யாரோ நெருப்பு மூட்டிவிட்ட மாதிரி ஒரு நடை. ஆனால் புரோப்பைக் கையில் எடுத்துவிட்டால் ஆள் அசைய மாட்டார். எடுக்கும் முன் கண்ணை மூடி ஒரு சின்னப் பிரார்த்தனை. உதடுகூட அசையாது. "உள்ள இருக்கறத உள்ளபடி காட்டு சாமி." அவ்வளவுதான் கேட்பார். நல்லதாகக் காட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு குறை உண்டு. வலது எது, இடது எது என்று சட்டென்று வராது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி "வலப்பக்கம் திரும்பு" என்றால், எல்லோரும் ஒரு பக்கம் திரும்ப, இவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, பக்கத்துப் பெண்ணின் மூக்கோடு மூக்கை இடித்துக்கொண்டு நிற்பார். வளர்ந்தும் அது போகவில்லை. கட்டிக்கொண்டவர் சாமான் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவர். புதுசில் மனைவியை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு அவரிடமே வழி கேட்டு அவருடைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். "இடது, இடது" என்று இவர் சொல்ல, அவர் திருப்ப, வேன் போய் நின்றது ஒரு செங்கல் சூளையில். அன்றையிலிருந்து அவர் மனைவியைத் திசைகாட்டி என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்தக் குறையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வேலையா என்று நினைக்கத் தோன்றும். அதற்கு அவர் ஒரு வழி செய்து வைத்திருந்தார். வலது கையில் மட்டும் ஒரு சிவப்பு ரப்பர் வளையல். வளையல் கை வலது கை. புரோப்பின் ஒரு பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி சின்னப் புடைப்பு ஒன்று இருக்கும். குழந்தையின் தலை எப்போதும் சுவர்ப் பக்கம். புடைப்பு எப்போதும் குழந்தையின் வலது பக்கம். எதையும் மாற்றாமல் எப்போதும் ஒரே மாதிரி செய்தால் தப்பு வராது. இத்தனை வருஷமும் வரவில்லை. இந்த வளையல் சங்கதி வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தக் குழந்தைக்கு என்னவென்றால், வயிற்றில் இருக்கும்போதே ஒரு நீர்க்கட்டி தெரிந்திருந்தது. பெண் குழந்தைக்குச் சினைப்பை இரண்டு. கருப்பைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பயறு மாதிரி சின்னதாக இருக்கும். தாயின் உடம்பில் ஓடுகிற சுரப்பு நீர் பிள்ளைக்கும் போய்ச் சேர்வதால், சில குழந்தைகளுக்கு அதில் நீர் கோத்துக்கொண்டு பலூன் மாதிரி உப்பும். பிறந்த பிறகு தாயின் சுரப்பு நின்றுவிடுவதால் முக்கால்வாசிக் கட்டிகள் தானாகவே வற்றிவிடும். பெரிதாக இருந்தால்தான் பயம். பாரம் தாங்காமல் சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் ரத்தம் போகாது. ரத்தம் போகாவிட்டால் அந்தச் சினைப்பை செத்துப்போகும்.

மடியில் வைத்துப் பார்த்த அன்றைக்குக் கட்டி எலுமிச்சம்பழ அளவில் வலது பக்கம் இருந்தது. நீர் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. இடது பக்கத்துச் சினைப்பை பயறு மாதிரி நல்லபடியாக இருந்தது. குழந்தைகளுக்கு அறுவை செய்கிற சர்ஜன் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் பாக்கலாம். பால் நல்லா குடிக்குதுல்ல? வாந்தி எடுத்தாலோ, விடாம அழுதாலோ உடனே தூக்கிட்டு வந்துருங்க," என்று அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். இந்தத் தடவை தாயோடு அவள் புருஷனின் அக்காவும் வந்திருந்தாள். குழந்தைக்கு அத்தை. காய்கறி மொத்தக் கடையில் ஏலம் கூவுகிறவள், அதனால் மெதுவாகப் பேசினாலே அடுத்த அறைக்குக் கேட்கும். அறையில் அன்றைக்கு மேற்பார்வை டாக்டரும் நின்றதால் குழந்தை கட்டிலில்தான் கிடந்தது, அழுதுகொண்டே. அக்கா புரோப்பை வைத்தார். வலது பக்கம் கட்டி இல்லை. அவர் மனசு ஒரு நொடி குளிர்ந்தது. வற்றிவிட்டது போல. கையை நகர்த்தினார். இடது பக்கம், தொப்புளுக்குச் சற்று மேலே, அதே அளவில் கட்டி இருந்தது. உள்ளே கீழ்ப்பாதியில் சேறு படிந்த மாதிரி ஒரு படிவு. சினைப்பை இரண்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அழுகையில் வயிறு முழுக்கக் காற்று.

அக்கா வளையலைப் பார்த்தார். புடைப்பைத் தடவிப் பார்த்தார். குழந்தையின் தலையைப் பார்த்தார். சுவர்ப் பக்கம்தான் இருந்தது.

"என்ன, தேடிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் அத்தை.

"கட்டி இடது பக்கம் தெரியுது."

"போன தடவை வலதுன்னு சொன்னீங்க! இப்ப இடதா? அடுத்த தடவை முதுகுலன்னு சொல்வீங்களா? எங்க கடையில தக்காளிக் கூடைய மாத்தி வச்சாலே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இது பொம்பளப் பிள்ளைங்க. நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கு."

"அண்ணி, சும்மா இருங்க," என்றாள் தாய். ஆனால் அவளும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எந்தப் பக்கம்னே தெரியாம எப்படி ஆபரேஷன் பண்ணுவாங்க? நல்லா இருக்கறத எடுத்துட்டா எம்பொண்ணுக்கு அப்புறம் என்ன மிஞ்சும்?"

அந்தக் கேள்வி அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மேற்பார்வை டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒரு தடவை மாறியிருக்கு. சர்ஜன் உள்ள பாத்துக்குவார்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டியில் படிந்தது ரத்தமாக இருக்கலாம், சினைப்பை முறுக்கியிருக்கலாம் என்பதால் மறுநாள் மாலையே ஆபரேஷன் என்று முடிவானது.

அன்று முழுக்க அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தத் தடவை தப்பில்லை, அது உறுதி. அப்படியானால் தப்பு போன தடவை. போன தடவைதான் மடியில் வைத்தது. மடியில் தலை எந்தப் பக்கம் இருந்தது? வாசல் பக்கமா? முட்டி போட்டு, கழுத்தைத் திருகி, கையை வளைத்துப் பிடித்தபோது புடைப்பு எந்தப் பக்கம் இருந்தது? நினைவைக் கிளறக் கிளறக் குழந்தையின் தலை ஒரு முறை இந்தப் பக்கம் வந்தது, ஒரு முறை அந்தப் பக்கம் போனது. பக்கம் மாறியிருந்தால் அன்றைக்கு "நல்லபடியாக இருக்கிறது" என்று தான் சொன்ன சினைப்பையும் மாறிப்போகும். ஐயோ, இரக்கப்பட்டு ஒரு மடியைக் கொடுத்து, அந்தப் பிள்ளையின் வயிற்றையே புரட்டிப் போட்டுவிட்டோமே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டார்.

வீட்டில் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அது தெரியாமல் அவர் அடுப்புக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் வந்து கேஸை மூடினார்.

"என்ன திசைகாட்டி, அடுப்பு எந்தப் பக்கம்னு தேடுறியா?"

அவ்வளவுதான். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டு முடித்து, தலையைச் சொறிந்தார்.

"செங்கல் சூளைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? நீ வாயால இடதுன்ன. ஆனா கையை வலது பக்கம்தான் நீட்டின. நான்தான் முட்டாள் மாதிரி வாயைக் கேட்டேன். அப்புறம் நான் உன் வாயைக் கேக்கறதே இல்ல, கையைத்தான் பாக்கறேன். ஒரு நாளும் வழி தப்பினதில்ல."

"இது வேன் இல்லங்க. கைக்குழந்தையோட வயிறு."

"அப்ப போய்ச் சொல்லிரு. மனசுல வச்சுக்கிட்டு நீயும் தூங்க மாட்ட, என்னையும் தூங்க விட மாட்ட."

"சொன்னா குழந்தைங்க ஸ்கேன்ல இருந்து என்னை எடுத்துருவாங்க. சுவத்துல ஒட்டினத மீறியிருக்கேன். வளையல் கதையும் வெளிய வந்துரும்."

"வரட்டும். வேன் கழுவ எனக்கு ஒரு ஆள் வேணும்," என்றார் அவர். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

காலையில் சர்ஜன் வருகிற நேரத்துக்கு முன்பே அக்கா அவர் அறை வாசலில் நடந்துகொண்டிருந்தார். போவதும் வருவதுமாக. காவலாளி, "அக்கா, தரை தேஞ்சிரும்," என்றான். சர்ஜன் வந்தார். நெட்டையான ஆள். எதையாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டே நடப்பார். கதவைத் திறப்பதற்குள் அக்கா கொட்டிவிட்டார். மடி, முட்டி, வாசல் பக்கம், வளையல், பள்ளிக்கூடத்தில் இடித்த மூக்கு வரைக்கும்.

சர்ஜன் பாட்டை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

"ரெண்டு தடவையும் நீங்கதான் எடுத்தீங்களா?"

"நான்தான் டாக்டர்."

"போன தடவை குழந்தை அழுததா?"

"இல்ல. நல்லா தூங்குச்சு. அதான் தெளிவா தெரிஞ்சது."

"சரி. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இப்ப சொல்ல மாட்டேன். சாயங்காலம் சின்ன ஸ்கேன் மெஷினத் தள்ளிக்கிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு வாங்க. மயக்கம் கொடுத்ததும் நீங்களே இன்னொரு தடவை பாருங்க."

"நானா? வேற யாராவது..."

"நீங்கதான். தப்பு பண்ணினோமோன்னு பயப்படற ஆள்தான் எனக்கு வேணும்."

மாலை வருவதற்குள் அக்கா பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். குழந்தைக்குப் பால் நிறுத்தியிருந்தார்கள். தாய் தூக்கினால் பால் வாசனைக்கு முகத்தை முட்டி முட்டி அழுதது. அதனால் அத்தைதான் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். அக்கா அந்த வராந்தாவைக் கடக்கும்போதெல்லாம் ஏலக் குரலுக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அத்தைக்குக் குரல் அடைத்துப் போயிருந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி தொட்டு வச்சா என்ன?" என்று அவள் கெஞ்சலாகக் கேட்டாள்.

"வேண்டாம்மா. மயக்கத்துல வாந்தி எடுத்து மூச்சுக்குழல்ல போயிரும். இன்னும் கொஞ்ச நேரம்தான், நடங்க," என்றார் அக்கா. இரண்டு பேரும் கொஞ்ச தூரம் சேர்ந்தே நடந்தார்கள். ஒருவருக்கும் நிற்கத் தெரியவில்லை.

தியேட்டர் வாசலில் நர்ஸ் கையை நீட்டினாள். "வளையலைக் கழட்டுங்க அக்கா. உள்ள எதுவும் போட்டுக்கக் கூடாது."

அக்கா அப்படியே நின்றுவிட்டார். இது அவருக்குத் தோன்றவே இல்லை. கழற்றிக் கொடுத்தார். பச்சை அங்கி, தொப்பி, முகமூடி. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கையும் ஒரே மாதிரி மொட்டையாக இருந்தன. மனசுக்குள் எது வலது, எது இடது என்று ஒரு சுழல் கிளம்பியது. உள்ளே பெரிய விளக்குக்கு அடியில் குழந்தை ஒரு கைக்குட்டை அளவில் கிடந்தது. மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சுப் பையை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணை மூடினார். உள்ளே இருப்பதை உள்ளபடி காட்டு சாமி. பிறகு புரோப்பை வைத்தார்.

குழந்தை அசையவில்லை, அழவில்லை. வயிறு மெத்தென்று இருந்தது. முதலில் இடது பக்கம் பார்த்தார். கட்டி அங்கே இல்லை. அதற்குப் பதில் அங்கே பயறு மாதிரி, நடுவில் குட்டிக் குட்டிப் பொட்டுகளோடு, நல்ல சினைப்பை ஒன்று இருந்தது. நகர்த்தினார். கட்டி வலது பக்கம், இடுப்பெலும்புக்கு மேலே கிடந்தது.

"டாக்டர்," என்றார். "மறுபடியும் மாறிடுச்சு. எனக்கு... என் கையில வளையல் இல்ல. நீங்களே பாருங்க. வேற யாரையாவது கூப்பிடுங்க."

"கையை எடுக்காதீங்க. அப்படியே பிடிங்க," என்றார் சர்ஜன். அவர் இரண்டு விரலைக் குழந்தையின் வலது பக்கத்தில் வைத்து, தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி மெல்லத் தள்ளினார். திரையில் அந்தக் கறுப்பு உருண்டை வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. தண்ணீரில் மிதக்கிற பந்து மாதிரி வயிற்றின் குறுக்கே போய், இடது பக்கத்தில் நின்றது. சர்ஜன் அந்தப் பக்கமிருந்து தள்ளினார். திரும்பி வந்தது.

"பாத்தீங்களா? நீங்க மாறல. அதுதான் ஊர் சுத்துது."

சர்ஜன் விரலை எடுத்தார்.

"தாய் வயித்துலயே முறுக்கியிருக்கு," என்றார் சர்ஜன். "முறுக்கி முறுக்கி, காம்பு காஞ்சு, அத்துப் போச்சு. கட்டியும் சினைப்பையும் ஒண்ணா தனியா உலாத்துது. இப்படி நான் ரெண்டு மூணு பாத்திருக்கேன். நீங்க காலையில வந்து புலம்பினப்பவே நெனச்சேன். ரெண்டு தடவையும் ஒரே ஆள், ஒரு தடவை நல்லாத் தூங்கின குழந்தை. தப்புக்கு வழி குறைச்சல். ஆனா கண்ணால பாக்காம உறுதியாச் சொல்ல முடியாதே."

அக்கா புரோப்பைத் துடைத்து வைத்தார். சர்ஜன் தொப்புளில் ஒரு சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டார். திரையில் எல்லோரும் பார்த்தார்கள். வலது பக்கம் சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நூல் மாதிரி ஒரு தழும்பு. இடது பக்கம் இளஞ்சிவப்பாக, ஈரம் மின்ன, உயிரோடு ஒன்று. கட்டியில் இருந்த நீரை ஊசியால் உறிஞ்சிச் சுருக்கி, அந்தத் தொப்புள் துளை வழியாகவே வெளியே எடுத்தார். தைத்து முடித்தபோது வயிற்றில் ஒரு மடிப்புக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

வெளியே வந்து சர்ஜன் எடுத்துச் சொன்னபோது தாய் இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"நாங்க முன்னாடியே வந்திருந்தா அதைக் காப்பாத்தியிருக்கலாமா?"

"இல்லம்மா. பிறக்கறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சது. உன் தப்பும் இல்ல, யார் தப்பும் இல்ல."

"ஒண்ணே ஒண்ணு போதுமா அவளுக்கு?"

"போதும். நல்லா இருக்கற ஒண்ணு தாராளமாப் போதும். வளர வளர அதை மட்டும் பாத்துக்கிட்டே இருப்போம்."

தாய் அழுதாள். போனதற்கு அழுதாளா, இருப்பதற்கு அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடவுள் ஒன்றை எடுத்து ஒன்றை வைத்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்வதா, நியாயம் கேட்பதா என்று அந்த நேரத்தில் எந்தத் தாய்க்குத்தான் தெரியும்? அத்தை அடைத்த குரலோடு ஸ்கேன் அக்காவிடம் வந்து நின்றாள். "நான் தக்காளி கூடைன்னு பேசினத மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். "கூடை நகரலைங்க, தக்காளிதான் உருண்டிருக்கு." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மடியில் வைத்து எடுத்ததற்கு அக்காவுக்கு மேலிடத்தில் ஒரு திட்டு விழத்தான் செய்தது. ஆனால் சர்ஜன் போய் ஏதோ பேசினார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாள் ஒருநாள் காணாமல் போனது. அந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. அக்கா அதையும் துடைத்துத் துடைத்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மடியில் வைத்து எடுக்கும்போது தாயிடம், "பாப்பா தலை எந்தப் பக்கம் இருக்கு, நீயே வாய்விட்டுச் சொல்லும்மா," என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்குவார். பெருமைக்காக அல்ல. பயம் விட்டுப் போகவில்லை, அதற்காக.

குழந்தை வளர்ந்தது. மாதங்கள் போகப் போக இருக்கிற சினைப்பை நன்றாக இருந்தது. கடைசித் தடவை வந்தபோது அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஜெல் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு தரவே மாட்டேன் என்றாள். தகப்பனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அக்கா அவர்களோடு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடந்து வந்தார். குழந்தை அவருடைய சிவப்பு வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது.

"அக்கா, பஸ் நிறுத்தத்த இப்ப மாத்திட்டாங்களாமே? எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டாள் தாய்.

அக்கா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். குனிந்து தன் கையைப் பார்த்தார். வளையல் போட்ட கையை நீட்டித் தெருவைக் காட்டினார்.

"இந்தக் கைப் பக்கமாப் போங்க. நான் வாயால சொன்னா கேக்காதீங்க. பிள்ளையப் பத்திரமாப் பாத்துக்கம்மா. இங்க மட்டும் திரும்பி வந்துராதீங்க."